வீடு திரும்பியவர் கொண்டு சென்றது
பேராயர் லெஸ்லி நியூபிகின் வாழ்விலிருந்து ஒரு வரலாற்றுப் பாடம்

திருச்சபை வரலாற்று நூல்களைப் புரட்டுவோர் ஒரு குறையை எளிதில் காண்பர். கடல் கடந்து வந்த மேனாட்டு மிஷனரி ஒருவர் எந்த ஆண்டில் கப்பலேறினார், எந்தத் துறைமுகத்தில் இறங்கினார், எத்தனை பள்ளிகளைத் தொடங்கினார், எத்தனை பேருக்கு ஞானஸ்நானம் வழங்கினார் என்பனவெல்லாம் அந்நூல்களில் விரிவாக எழுதப்பட்டிருக்கும். ஆனால் அவருடைய பணியின் இறுதி, 'பின்னர் அவர் தாயகம் திரும்பினார்' என்னும் ஒற்றை வரியில் முடிந்துவிடும். திரும்பிய பின் அவர் என்ன ஆனார், விட்டுச் சென்ற ஊர் அவருக்கு மீண்டும் சொந்த ஊராக இருந்ததா, இங்கிருந்து அவர் எதைக் கொண்டு சென்றார் என்னும் வினாக்களை எழுப்புவோர் மிகச் சிலரே.

இவ்வினாக்கள் நமக்கு எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். மிஷனரிமாரிடமிருந்து நம் மக்கள் எதைப் பெற்றனர் என்பது பன்முறை எழுதப்பட்ட வரலாறு. பள்ளிக்கூடம், மருத்துவமனை, அச்சிட்ட நூல் ஆகியவற்றை நன்றியுடன் எண்ணிப் பார்க்கிறோம், அது முறையே. எனினும், கொடுத்தவர் ஒரு பக்கம், பெற்றவர் மறுபக்கம் என்று மட்டும் எழுதப்படும் வரலாறு பாதி வரலாறேயாகும். வந்தவர் திரும்பிச் சென்றபின் அவருடைய வாழ்வில் நம் மக்களின் சுவடு எங்கே பதிந்திருக்கிறது என்று தேடினால் மறுபாதி கிடைக்கும். அவ்வாறு தேடுவதற்கு ஏற்ற சான்றாகப் பேராயர் லெஸ்லி நியூபிகினின் வாழ்க்கையை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது.

முன்னோர் திரும்பிய வழிகள்

நியூபிகினுக்கு முன் திரும்பியவர்களின் நிலையை முதலில் சுருக்கமாக நோக்குதல் நலம். நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக் கப்பல்கள் வந்த காலத்தில் ஐரோப்பாவுக்கும் தமிழகத்துக்கும் இடையிலான பயணம் ஐந்தாறு திங்கள்களையும், சில வேளை அதற்கு மேற்பட்ட காலத்தையும் விழுங்கியது. வந்தவர் பலர் இங்கேயே மண்ணாயினர். 1706ஆம் ஆண்டில் தரங்கம்பாடியில் கால்வைத்த சீகன்பால்கு, மிஷன் நிர்வாகச் சிக்கல்களை நேரில் எடுத்துரைக்க 1714ஆம் ஆண்டில் ஐரோப்பாவுக்குப் புறப்பட்டார். அவருடன் மலையப்பன் என்னும் தமிழரும் சென்றார். அக்கப்பற் பயணத்தில் மலையப்பன் துணையுடன் எழுதப்பெற்ற தமிழ் இலக்கண நூல் 1716ஆம் ஆண்டில் ஆலே நகரில் அச்சேறியது. சீகன்பால்கு தாயகத்தில் தங்கவில்லை. அதே 1716ஆம் ஆண்டில் இங்கு மீண்டு, 1719ஆம் ஆண்டில் தரங்கம்பாடியிலேயே மறைந்தார். சொந்த நாட்டுக்குச் சென்ற பயணம் அவருக்கு இடையில் வந்த ஒரு வேலையாகவே அமைந்தது.

1869ஆம் ஆண்டில் சூயசுக் கால்வாய் திறக்கப்பட்டதும் நிலைமை மாறிற்று. நீராவிக் கப்பல்கள் சில வாரங்களிலேயே வந்து சேர்ந்தன. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை 'பர்லோ' எனப்பட்ட நீண்ட விடுப்பில் மிஷனரிமார் தாயகம் சென்று வருவது வழக்கமாயிற்று. அவ்விடுப்பும் முழு ஓய்வன்று. ஊர் ஊராகச் சென்று சபைகளில் பேசிப் பணம் திரட்டுவதும் அவர்கள் கடமையாயிருந்தது. பிள்ளைகளைப் பிரிந்து வாழ்வது அக்குடும்பங்களின் பெருந்துயர். மிஷனரிமாரின் பெண்மக்களுக்கென 1838ஆம் ஆண்டிலும் ஆண்மக்களுக்கென 1842ஆம் ஆண்டிலும் இலண்டனை அடுத்த வால்தம்ஸ்டோவில் தனிப் பள்ளிகள் நிறுவப்பட்டன என்னும் செய்தி அத்துயரின் அளவைக் காட்டும்.

ஜி. யு. போப் திரும்பிய வகை வேறு. 1839ஆம் ஆண்டில் வந்து, சாயர்புரத்திலும் தஞ்சையிலும் உதகையிலும் பெங்களூரிலும் பணியாற்றிய அவர், முதுமையில் இங்கிலாந்து சேர்ந்தார். 1884ஆம் ஆண்டு முதல் ஆக்சுபோர்டில் தமிழும் தெலுங்கும் கற்பித்தார். 1886இல் திருக்குறளையும், 1893இல் நாலடியாரையும், 1900ஆம் ஆண்டில் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் தந்தார். தாயகத்தில் இருந்துகொண்டே தமிழுக்குள் வாழ்ந்தவர் அவர். இங்கிருந்து கொண்டு சென்ற செல்வத்தை அவர் தம் நாட்டாருக்குக் காட்டினார்.

ஒருவர் தாயகத்தில் தங்காமல் மீண்டார். மற்றவர் தாயகத்துக்குள் ஒரு தமிழகத்தை அமைத்துக்கொண்டார். நியூபிகின் இவ்விரண்டையும் செய்யவில்லை.

சென்றவர் யார்?

லெஸ்லி நியூபிகின் 1909ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள் இங்கிலாந்தின் வடபகுதியிலுள்ள நியூகாசில் நகரில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் மாணவராயிருந்தபோது, ஒரு கோடை விடுமுறையில் தென் வேல்சுப் பகுதியின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரிடையே தொண்டு செய்யச் சென்றார். வேலையிழந்து நம்பிக்கையிழந்து கிடந்த அம்மக்களுக்குத் தம்மால் எதுவும் செய்ய இயலவில்லை என்று மனம் நொந்த ஓரிரவில், விண்ணையும் மண்ணையும் தழுவி நிற்கும் சிலுவைக் காட்சி தமக்குக் கிடைத்ததாக அவர் பிற்காலத்தில் எழுதினார். நம்பிக்கையற்றுப் போன மனிதர் முன்னிலையில் எழுந்த அந்த வினாவே அவருடைய வாழ்நாள் முழுதும் தொடர்ந்தது என்பதை நாம் நினைவிற்கொள்ள வேண்டும்.

1936ஆம் ஆண்டில் அவர் எடின்பரோவில் குருப்பட்டம் பெற்று, எலன் அம்மையாரை மணந்து, ஸ்காத்லாந்துத் திருச்சபையின் மிஷனரியாகத் தமிழகம் வந்தார். வந்த சில திங்களிலேயே பேருந்து விபத்தொன்றில் கால் முறிந்தது. மருத்துவத்திற்காக 1937இல் தாயகம் திரும்ப நேர்ந்தது. பல அறுவை மருத்துவங்களுக்குப் பின் 1939ஆம் ஆண்டில் மீண்டும் வந்து காஞ்சிபுரத்தில் பணியேற்றார். தமிழை நன்கு கற்றார். அந்நகரின் இராமகிருட்டிண மடத்துத் துறவியருடன் அமர்ந்து, ஒரு வாரம் உபநிடதம், மறு வாரம் யோவான் நற்செய்தி என மாறி மாறிக் கற்று வந்தார்.

1947ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள் சென்னைத் தூய ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை தோன்றியது. அப்போது முப்பத்தேழு வயதே நிரம்பிய நியூபிகின் மதுரை–இராமநாதபுரம் பகுதியின் பேராயரானார். 1959ஆம் ஆண்டில் அனைத்துலக மிஷனரி மன்றத்தின் பொதுச் செயலாளராக மேனாடு சென்றார். 1961ஆம் ஆண்டில் புதுதில்லியில் அம்மன்றம் உலகத் திருச்சபைகள் மன்றத்துடன் இணைந்த பின் ஜெனீவாவில் பணிபுரிந்தார். 1965ஆம் ஆண்டில் சென்னையின் பேராயராக மீண்டு வந்து, 1974ஆம் ஆண்டு வரை அப்பொறுப்பில் இருந்தார்.

சேரிச் சபைகள்

நியூபிகின் பணியாற்றிய நிலப்பகுதியின் வரலாறு நம் மக்களின் வரலாற்றோடு பிணைந்தது. செங்கற்பட்டு மாவட்டத்தில் ஸ்காத்லாந்து மிஷன் முன்னரே வேரூன்றியிருந்தது. அம்மாவட்டத்தின் தண்டலர் திரமென்கீர் 1891ஆம் ஆண்டில் எழுதிய அறிக்கை, நிலமற்ற பறையர் மக்களின் அடிமைநிலையை அரசின் கண்முன் நிறுத்திற்று. அதன் விளைவாகவே 1892ஆம் ஆண்டில் தாழ்த்தப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்கும் அரசாணை பிறந்தது. அவ்வட்டாரத்துக் கிராமச் சபைகளில் பெரும்பாலானவை தாழ்த்தப்பட்ட மக்களின் சபைகளே. ஆலயம் இருந்த ஊர் சில; மரத்தடியும் தெருவுமே ஆலயமான ஊர்கள் பல. பகலெல்லாம் வயலில் உழைத்தவர் இரவில் விளக்கொளியில் கூடி வழிபட்டனர். பேராயர் வந்தாலும் தரையில்தான் அமர வேண்டும். 1951ஆம் ஆண்டில் வெளிவந்த 'தென்னிந்திய நாட்குறிப்பு' என்னும் தம் நூலில் இத்தகைய கிராமச் சபைகளைப் பற்றி நியூபிகின் விரிவாக எழுதினார்.

பிற்காலத்தில் அவர் பல மேடைகளில் சொல்லிவந்த ஒரு நிகழ்ச்சி உண்டு. கிராமம் ஒன்றுக்குப் பேராயர் வருகிறார் என்று சபையார் மாலையும் மேளமுமாக ஊரின் ஒரு முனையில் காத்து நின்றனர். ஊருக்கு வழிகள் இரண்டு. பேராயரோ மறுமுனையில் வந்து சேர்ந்தார். கூடியிருந்தோர் அனைவரும் திரும்பி நின்றாலன்றி வந்தவரைக் காண இயலாது. 'மனந்திரும்புதல்' என்னும் சொல்லுக்கு இதுவே பொருள் என்று அவர் விளக்குவார். வருகிறவர் வந்துவிட்டார், நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும் திசைதான் தவறு என்பது அவ்விளக்கம். இங்கிலாந்தின் மன்றங்களில் இறையியல் பேசிய ஒருவர், அதன் நடுவண் கருத்தை விளக்கத் தமிழகத்துக் கிராமம் ஒன்றின் தெருமுனையைத் தேர்ந்துகொண்டார் என்பது நோக்கத்தக்கது.

அச்சபையார் தாம் ஏற்ற சமயத்துக்குக் கொடுத்த விலையையும் ஈண்டுக் குறிப்பிட வேண்டும். 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியலினத்தாருக்குரிய உரிமைகளை இந்துக்களுக்கு மட்டும் வரையறுத்தது. 1956ஆம் ஆண்டில் சீக்கியரும், 1990ஆம் ஆண்டில் பௌத்தரும் அதில் சேர்க்கப்பட்டனர். கிறித்தவரான தாழ்த்தப்பட்ட மக்கள் இன்றுவரை சேர்க்கப்படவில்லை. சேரியிலே வாழ்ந்து, சேரிக்குரிய இழிவை ஊரார் கையிலும், சில இடங்களில் சபைக்குள்ளேயே உயர்சாதியார் கையிலும் பெற்று, அரசின் உரிமையையும் இழந்த மக்களே அவர்கள். அவர்களிடையேதான் பேராயர் நம்பிக்கையைக் கண்டார்.

இரு பெட்டிகளும் ஒரு முதுகுப்பையும்

1974ஆம் ஆண்டில் நியூபிகின் ஓய்வு பெற்றார். அக்காலத்தில் மேனாட்டுத் தொண்டர் வானூர்தியில் ஏறி ஒரே நாளில் வீடு சேர்வது எளிதாகிவிட்டிருந்தது. ஆனால் அவரும் எலன் அம்மையாரும் தரைவழியாகவே செல்லத் துணிந்தனர். இரு பெட்டிகள், ஒரு முதுகுப்பை ஆகியவையே அவர்கள் உடைமை. ஆங்காங்கே கிடைத்த பேருந்துகளில் ஏறி, மேற்காசிய நாடுகளின் வழியே இங்கிலாந்து நோக்கிச் சென்றனர். சென்னையின் பேராயராயிருந்தவர், எளிய பயணியரோடு பயணியாக நாட்களைக் கழித்தார். 1979ஆம் ஆண்டில் ஈரானில் நிகழ்ந்த புரட்சிக்கும் ஆப்கானிசுத்தானத்தில் மூண்ட போருக்கும் பின் அந்தத் தரைவழி அடைபட்டது.

அப்பயணத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் நெஞ்சில் ஆழப் பதிந்தது. துருக்கி நாட்டின் கப்பதோக்கியாப் பகுதியை அவர்கள் கடந்த நாள் அது. நான்காம் நூற்றாண்டில் பசிலியார் முதலிய பேரறிஞர்கள் வாழ்ந்து, கிறித்தவ இறையியலை வளர்த்த நிலம் அது. அங்கே உடன் வழிபட ஒரு கிறித்தவர்கூட அவர்களுக்குக் கிடைக்கவில்லை. கணவனும் மனைவியும் தனியே அமர்ந்து வழிபட்டனர். பயணம் முழுவதிலும் அவ்வாறு தனித்து வழிபட நேர்ந்த இடம் அதுவொன்றே. ஒரு நாட்டில் ஓங்கி வளர்ந்த திருச்சபை சுவடின்றி மறையக்கூடும் என்னும் உண்மையை அவர் கண்ணாரக் கண்டார். அந்தக் காட்சியோடுதான் அவர் இங்கிலாந்து சேர்ந்தார்.

தாயகத்தில் அந்நியர்

அவர் சென்றடைந்த இங்கிலாந்து, 1936ஆம் ஆண்டில் அவர் விட்டுச் சென்ற இங்கிலாந்தன்று. பேரரசு கலைந்துவிட்டது. 1973ஆம் ஆண்டு எண்ணெய் நெருக்கடியும், சுரங்கத் தொழிலாளரின் வேலைநிறுத்தமும், விலையேற்றமும் நாட்டை உலுக்கின. 1974ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மின்சாரத்தை மிச்சப்படுத்தத் தொழிற்சாலைகள் வாரத்துக்கு மூன்று நாள் மட்டுமே இயங்கின. அவ்வாண்டில் மட்டும் இரு பொதுத்தேர்தல்கள் நடந்தன. ஆலயங்கள் பல ஆளின்றி மூடப்பட்டுக் கொண்டிருந்தன.

பர்மிங்காம் நகரின் செல்லி ஓக் கல்லூரிகளில், மிஷனரிப் பணிக்குச் செல்வோரைப் பயிற்றும் ஆசிரியராக நியூபிகின் அமர்ந்தார். இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்கு மாறியதில் உங்களுக்கு மிகவும் கடினமாயிருந்தது எது என்று பலரும் அவரை வினவினர். குளிர், உணவு, தனிமை என்பன போன்ற விடையையே வினவியோர் எதிர்பார்த்திருக்கக்கூடும். நம்பிக்கை மறைந்துபோனதே கடினமானது என்பது அவர் விடை. சென்னையின் மிக இழிந்த குடிசைப் பகுதியிலும், நாளை இன்றைவிட நன்றாயிருக்கும், பிள்ளைகள் நம்மைவிட மேலாக வாழ்வர் என்னும் எண்ணம் இருந்தது. செல்வம் மிக்க இங்கிலாந்தில் அவ்வெண்ணத்தைத் தாம் காணவில்லை என்று அவர் விளக்கினார்.

இக்கூற்றை நாம் இருமுறை எண்ணிப் பார்த்தல் வேண்டும். குடிசையில் நம்பிக்கை இருந்தது என்பதனால் அங்குத் துன்பம் குறைவு என்று எவரும் பொருள் கொள்ளலாகாது. நம்பிக்கையின்றி ஒரு நாளும் வாழ இயலாத நிலையில் இருத்தப்பட்டவர் அம்மக்கள். வெள்ளம் வந்தால் குடிசை போகும். தீ பற்றினால் தெருவே போகும். தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் 1970ஆம் ஆண்டில்தான் தோன்றியது. ஏழையின் நம்பிக்கையைப் புகழ்ந்து அவன் வறுமையை மறக்கும் பேச்சும் உலகில் உண்டு. அவ்வகைப் பேச்சுக்கு நாம் இடந்தரலாகாது. ஆயினும் நியூபிகின் சொன்னதன் நோக்கம் வேறு. அவர் குடிசைவாழ் மக்களை மனநிறைவு கொள்ளுமாறு சொல்லவில்லை. தம் சொந்த நாட்டாரை நோக்கி, உங்களிடம் எல்லாம் இருந்தும் இது ஏன் இல்லை என்று கேட்டார். பள்ளிக்கட்டணத்துக்காகத் தாலியை அடகு வைத்த தாயின் செயலில் இருக்கும் எதிர்கால நோக்கு, வளமிக்க நாட்டின் அறிஞரிடம் எங்கே போயிற்று என்பதே அவ்வினாவின் சாரம்.

அவ்வினாவுக்குத் தூண்டுதலாக மற்றொரு குரலும் அவர் செவியில் ஒலித்துக் கொண்டிருந்தது. 1972ஆம் ஆண்டின் இறுதியிலும் 1973ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் பாங்காக்கில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில், இந்தோனேசியாவின் படைத்தலைவராயிருந்த சிமாதுபாங், மேலைநாட்டை மனந்திரும்பச் செய்ய முடியுமா என்பதே தலையாய வினா என்று சொன்னதை நியூபிகின் கேட்டிருந்தார். ஆசியர் ஒருவர் எழுப்பிய அவ்வினாவை அவர் தம் முதுமைக்காலப் பணியாக்கிக் கொண்டார். இந்தியாவில் தாம் சந்தித்த எதிர்ப்பைவிட, இங்கிலாந்தில் தம் செய்தி சந்தித்த குளிர்ந்த அலட்சியம் எதிர்கொள்ளக் கடினமானது என்று ஒளிக்காமல் எழுதினார்.

வின்சன் கிரீன்

ஓய்வு பெற்ற பேராயருக்குரிய மதிப்பான இருக்கைகள் பல அவருக்குக் கிடைத்திருக்கும். அவர் ஐக்கிய சீர்திருத்தத் திருச்சபையில் சாதாரண ஆயராகச் சேர்ந்தார். 1978–79ஆம் ஆண்டுகளில் அத்திருச்சபையின் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதன்பின், எழுபது வயதில், பர்மிங்காமின் வின்சன் கிரீன் பகுதியிலுள்ள ஒரு சிறு சபையின் பொறுப்பை ஏற்றார். சிறைச்சாலைக்கு எதிரே இருந்த பழைய ஆலயம் அது. உறுப்பினர் மிகச் சிலரே. அதனை மூடிவிடலாம் என்னும் பேச்சு எழுந்தபோது, ஏழைகள் வாழும் பகுதியை விட்டுத் திருச்சபை விலகிச் செல்லலாகாது என்று கருதிய அவர், தாமே அப்பொறுப்பை ஏற்க முன்வந்தார். 1980ஆம் ஆண்டு முதல் 1988ஆம் ஆண்டு வரை அங்கே பணியாற்றினார்.

அப்பகுதி ஆலைகள் மூடுண்டு வேலையின்மை மலிந்த பகுதி. பஞ்சாபிலிருந்தும் பாகிசுத்தானிலிருந்தும் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்தும் குடியேறியோர் அங்கு மிகுதி. அதே பர்மிங்காம் நகரில்தான் 1968ஆம் ஆண்டில் ஈனாக் பவல் என்னும் அரசியலாளர் குடியேறியோருக்கு எதிரான தம் உரையை நிகழ்த்தினார். வின்சன் கிரீனை அடுத்த ஆண்ட்சுவொர்த்தில் 1981ஆம் ஆண்டிலும் 1985ஆம் ஆண்டிலும் கலவரங்கள் மூண்டன. அத்தெருக்களில் நியூபிகின் இந்தியரான உடனூழியர் ஒருவருடன் வீடு வீடாகச் சென்றார். ஆசியக் குடும்பத்தினர் கதவைத் திறந்தால் பெரும்பாலும் உள்ளே அழைத்து அமரச் செய்து உபசரித்தனர். அந்நாட்டிலேயே பிறந்த வெள்ளையர் பலருடைய கதவோ விரைவில் மூடிக்கொண்டது. இதனை அவர் தம் தன்வரலாற்றில் பதிவு செய்துள்ளார்.

இங்கு நாம் சற்றே நின்று எண்ண வேண்டும். ஒரு காலத்தில் இம்மனிதர் அந்நியராக நம் கிராமத்துக்கு வந்தார். நம் மக்கள் தரையில் பாய் விரித்து அவரை அமரச் செய்தனர். நாற்பது ஆண்டுகளுக்குப் பின், தம் சொந்த நாட்டில், அந்நியர் என்று ஒதுக்கப்பட்டோரின் வீட்டில்தான் அவருக்கு இருக்கை கிடைத்தது.

அந்தச் சிறு சபையிலிருந்துகொண்டே அவருடைய பெருநூல்கள் பிறந்தன. 'ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நான்கின் மறுபக்கம்' என்னும் சிறுநூல் 1983ஆம் ஆண்டிலும், தன்வரலாறு 1985ஆம் ஆண்டிலும், 'கிரேக்கருக்குப் பைத்தியமாய்' என்னும் நூல் 1986ஆம் ஆண்டிலும், 'பல்சமயச் சமுதாயத்தில் நற்செய்தி' என்னும் நூல் 1989ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. எண்பிக்கத்தக்க உண்மைகள் பொதுவுக்கு உரியன, நன்மை தீமை பற்றிய நம்பிக்கைகள் தனியாளின் விருப்பத்துக்கு உரியன என்று மேலைநாட்டு அறிவுலகம் பிரித்துவைத்த பிரிவினையை அவர் மறுத்தார். வாழ்வு எதற்காக என்னும் வினாவைச் சந்தையிலிருந்தும் பள்ளியிலிருந்தும் அகற்றிவிட்டதே நம்பிக்கை வறண்டதற்குக் காரணம் என்பது அவர் கருத்து. தடையற்ற சந்தையை வணங்கத்தக்கதாகக் கருதிய அக்கால ஆட்சிப் போக்கையும் அவர் உருவ வழிபாடு என்று கண்டித்தார்.

1989ஆம் ஆண்டு நூலில், நற்செய்திக்குச் சிறந்த விளக்கவுரை அதனை நம்பி வாழும் ஓர் உள்ளூர்ச் சபையே என்று அவர் வாதிட்டார். அக்கருத்தை மேலைநாட்டு இறையியலார் புதுமையென வியந்தனர். காஞ்சிபுரத்துச் சேரிச் சபையை அறிந்தவருக்கு அதில் வியப்பில்லை. அங்கே நூல் படித்தோர் சிலர். சபையின் வாழ்வே நூலாயிருந்தது. எனவே அக்கருத்தின் வேர் நம் மண்ணில் ஊன்றியது என்று கொள்வது மிகையாகாது.

எண்ணிப் பார்க்க வேண்டுவன

நியூபிகினின் எல்லாக் கருத்துகளையும் நாம் ஏற்க வேண்டுமென்பதில்லை. நம்பிக்கை கொண்ட மக்களைப் பற்றி அவர் பேசினார். அம்மக்கள் தம் வாயால் தம்மைப் பற்றிப் பேசத் தொடங்கியது வேறொரு கதை. அவர் பர்மிங்காமில் பணியாற்றிய அதே காலத்தில், 1981ஆம் ஆண்டில், பெங்களூர் ஐக்கிய இறையியற் கல்லூரியில் அரவிந்த் நிர்மல் ஆற்றிய உரையிலிருந்து தலித் இறையியல் முளைவிட்டது. தம் துன்பத்தைத் தாமே கருப்பொருளாக்கி, திருச்சபைக்குள் நிலவும் சாதியையும் தாமே வினவும் குரல் அதில் எழுந்தது. மேனாட்டார் ஒருவர் நம்மைப் பற்றி நல்லது சொன்னார் என்னும் மகிழ்ச்சியில் அக்குரலை நாம் மறந்துவிடலாகாது.

எலன் அம்மையாரைப் பற்றியும் ஒரு சொல். கணவர் எங்குச் சென்றாலும் உடன் சென்று, நான்கு பிள்ளைகளை வளர்த்து, முதுமையில் பேருந்துகளில் கண்டம் கடந்து, புதிய ஊரில் மீண்டும் குடித்தனம் தொடங்கியவர் அவர். மிஷனரி மனைவியரின் திரும்புதல் பற்றி எழுதப்பட்டது மிகக் குறைவு. அதுவும் இவ்வரலாற்றில் நிரப்பப்பட வேண்டிய இடமாகும்.

நியூபிகின் 1998ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் நாள் இலண்டனில் மறைந்தார். இறுதிக் காலத்தில் கண்பார்வை மங்கிய நிலையிலும், குறிப்பேதுமின்றி நினைவிலிருந்தே உரையாற்றி வந்தார்.

அவருடைய திரும்புதலிலிருந்து நாம் கற்பதென்ன? நெடுங்காலம் அயலூரில் வாழ்ந்து திரும்புவோர், விட்ட இடத்தில் மீண்டும் பொருந்திக்கொள்வதே நல்வாழ்வு என்று எண்ணுவது இயல்பு. பழைய வழக்கங்களை மீண்டும் அணிந்துகொண்டு, அயலில் கற்றதைப் பெட்டியில் பூட்டிவைப்போர் பலர். நியூபிகின் முற்றிலும் பொருந்திக்கொள்ள மறுத்தார். சேரியிலும் குடிசையிலும் கற்ற வினாவைத் தம் வீட்டாரிடம் கேட்டார். அதற்காக உயர்ந்த இருக்கையைத் தேடாமல், சிறைச்சாலைக்கு எதிரே ஒரு சிறு சபையில் அமர்ந்தார். படிப்புக்காகவும் வேலைக்காகவும் இன்று நம் ஊர்களைவிட்டுச் சென்று மீளும் இளைஞருக்கும் இது எண்ணத்தக்கதே. திரும்பி வரும்போது ஊர் அந்நியமாகத் தோன்றினால் அதனை ஒரு நோயாகக் கருத வேண்டியதில்லை. ஊரில் எது மாற வேண்டும் என்று காட்டும் கண்ணாகவும் அது அமையக்கூடும்.

விழா மலர்களில் பெற்றவற்றின் பட்டியல் நீண்டு நிற்கும். அது நன்றியறிதலின் அடையாளம். அப்பட்டியலின் எதிர்ப்பக்கத்தில், நம் முன்னோர் கொடுத்தவற்றையும் எழுதிவைத்தல் வேண்டும். நிலமும் நூலும் பதவியும் இல்லாத மக்கள், தம்மிடம் வந்த ஓர் அறிஞருக்கு நம்பிக்கை என்பதன் பொருளைக் கற்பித்து அனுப்பினர். அவர் அதனை இரு பெட்டிகளோடும் ஒரு முதுகுப்பையோடும் சுமந்து சென்று, தம் நாட்டின் முன் வைத்தார். அந்த ஆசிரியர்களின் பெயர்கள் எந்த நூலிலும் இல்லை. காஞ்சிபுரத்துச் சேரிகளிலும் சென்னைக் குடிசைகளிலும் வாழ்ந்து மறைந்த நம் பாட்டன்மாரும் பாட்டிமாருமே அவர்கள்.